கழுவிப் போடுகிற ஏர் ஃபில்டரா, கழற்றி எறிகிற ஏர் ஃபில்டரா?

ஈசூன்_ஸ்னைப்பர்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு பழைய யமஹா ஸ்னைப்பர் டி150 பைக் வாங்கினேன். கிளாஸ் 2பி பைக் லைசென்ஸ் எடுத்த பிறகு இதுதான் என் முதல் வண்டி. மீட்டரில் 40,500 கி.மீ. ஓடியிருந்தது. சிங்கப்பூரில் வீடு ஈசூன், வேலை துவாஸ். போக வர ஒரு நாளைக்கு 70 கி.மீ. ஆகிறது.

சனிக்கிழமை காலை ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். கம்பெனி காகித ஃபில்டர் இருக்கும் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்தது சிவப்புப் பருத்தித் துணி, இரண்டு பக்கமும் கம்பி வலை. வண்டியை விற்றவருக்கு போன் போட்டேன். "அது லைஃப்டைம் ஃபில்டர் தம்பி, மாற்றவே வேண்டாம்" என்றார். கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. மடிப்புகளுக்குள் சாம்பல் நிறத்தில் தூசி அடைந்திருக்கிறது. ஒரு மூலையில் சிவப்பு வெளுத்து, வெறும் துணி நிறம் தெரிகிறது.

இதைக் கழுவி, எண்ணெய் போட்டு ஓட்டலாமா? இல்லை, கம்பெனி காகித ஃபில்டர் வாங்கிப் போடலாமா? சி.ஓ.இ. (வண்டி வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ்) இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதுவரை எஞ்சினில் கை வைக்காமல் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மழையில்_டெலிவரி

காகிதம். யோசிக்கவே வேண்டாம் தம்பி. கம்பெனி சாமான் வாங்கிப் போடு, கி.மீ. வந்ததும் மாற்று. நான் என்மேக்ஸ் ஸ்கூட்டரில் மாதம் 3,000 கி.மீ.க்குக் குறையாமல் ஓடுகிறேன். கழுவிக் காய வைக்க எனக்கு நேரமும் இல்லை, வண்டியை நிறுத்தி வைத்தால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை.

கேமரன்_வரை

நான் இதற்கு நேர் எதிர். ஆறு வருடமாகப் பருத்தி ஃபில்டர்தான். ஹிமாலயன் பைக் வைத்திருக்கிறேன், நீண்ட விடுமுறை வந்தால் மலேசியா போய்விடுவேன். கேமரன் மலை, மெர்சிங், குவாந்தான் பக்கம் எல்லாம் சுற்றியாகிவிட்டது. கோத்தா திங்கி தாண்டி செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், செங்கல் நிறத்தில் தூசி மூக்குக்குள்ளேயே ஏறும். அப்படி ஒரு பயணத்துக்குப் பிறகு காகிதமாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பருத்தியைக் கழுவி, மறுபடி எண்ணெய் விட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

தம்பி, உங்கள் ஃபில்டரின் பிரச்சினை அது பருத்தி என்பது இல்லை. அதை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. கழுவும் கிட் 30 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும். நல்ல சாமானைக் குப்பையில் போடாதீர்கள்.

பழைய_சூப்பர்ஃபோர்

தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் ஃபில்டர் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

உன் எஞ்சின் 150 சி.சி., நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை காற்றை உள்ளே இழுக்கும். 8,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 4,000 இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் 150 மில்லி என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 600 லிட்டர் காற்று. துவாஸில் மண் லாரிக்குப் பின்னால் நீ போகும்போது அந்த 600 லிட்டரும் லாரி கிளப்பிய காற்றுதான்.

அந்த மண்ணில் மணல் இருக்கிறது. மணல் சாதாரண இரும்பை விடக் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் கனம் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அந்தப் படலத்தை விட மிகச் சிறிய துகள் எண்ணெயில் மிதந்து போய்விடும். படலத்தின் கனத்துக்கு ஒத்துப்போகிற துகள்தான் இரண்டு பக்கமும் உரசித் தேய்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளைப் பிடிக்கத்தான் ஃபில்டர். இலை, பூச்சியைப் பிடிக்க ஒரு கொசுவலையே போதுமே.

பிடிக்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. காகிதத்தில் நார் நெருக்கமாக இருக்கும், தூசி அதில் சிக்கும். உன் ஸ்னைப்பருக்குக் கம்பெனி கொடுப்பது சாதாரணக் காகிதம் இல்லை, எண்ணெய் ஊட்டிய காகிதம். நார்களோடு பிசுபிசுப்பும் சேர்ந்து பிடிக்கும். பருத்தி வேறு மாதிரி. நெசவு தளர்வாக இருக்கும், அதனால்தான் காற்று எளிதாகப் போகிறது. தூசியைப் பிடிப்பது முக்கால்வாசி அதன் மேல் இருக்கும் எண்ணெய்தான். எண்ணெய் வற்றிவிட்டால் அது தளர்ந்த துணி, அவ்வளவுதான்.

சிவப்பு வெளுத்த ஒரு மூலை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கவலை அங்கேதான். அந்த வண்ணம் எண்ணெயில் கலந்த வண்ணம். வண்ணம் இல்லாத இடத்தில் எண்ணெய் இல்லை. காற்று எப்போதும் தடை குறைந்த பக்கம்தான் ஓடும். ஆகவே உன் எஞ்சின் அந்த மூலை வழியாகத்தான் அதிகம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

இன்று கழுவுகிறாயோ, காகிதம் வாங்குகிறாயோ, அது அப்புறம். முதலில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கம் இருக்கிற சுத்தமான அறையை விரலால் தடவிப் பார். விரலில் என்ன வருகிறது என்று இங்கே எழுது.

ஈசூன்_ஸ்னைப்பர்

மிக்க நன்றி அண்ணே. இன்று இரவு ஷிப்ட். வார இறுதியில் பார்த்து எழுதுகிறேன்.

துவாஸ்_லாரி_பின்னால்

நானும் துவாஸ்தான் தம்பி. துறைமுகப் பக்கம் கட்டுமான வேலை ஓய்வதே இல்லை. சிங்கப்பூர் சாலை சுத்தம், இங்கே ஃபில்டர் சீக்கிரம் அழுக்காகாது என்று நிறைய பேர் சொல்வார்கள். தோ பாயோவிலிருந்து சிட்டிக்குப் போகிறவருக்கு அது சரி. நமக்கு இல்லை. என் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்த துணியைப் பார்த்தாலே தெரியும்.

புகைமூட்ட நேரத்தில் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். 2013 ஜூனில் பி.எஸ்.ஐ. என்கிற காற்று மாசுக் குறியீடு 401 போனபோது நான் எஃப்இசட்16 ஓட்டிக்கொண்டிருந்தேன், தினமும் கவலைதான்.

பழைய_சூப்பர்ஃபோர்

புகைமூட்டத்தின் முக்கியத் துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது. நம் நுரையீரலுக்குத்தான் அது பெரிய ஆபத்து. எஞ்சினைத் தேய்ப்பதில் உங்கள் துவாஸ் மண் லாரிதான் பெரிய எதிரி. புகைமூட்ட மாதத்தில் வண்டியை விட உங்கள் முகக்கவசத்தைப் பற்றி யோசியுங்கள்.

செம்பவாங்_அக்கா

கேமரன்_வரை சொன்ன கழுவுகிற வேலையை நான் மூன்று வருடம் செய்திருக்கிறேன். எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்.

வெளியே தட்டி, ஒட்டாத தூசியை முதலில் உதிர்க்க வேண்டும். பிரஷ் வேண்டாம், துணி இழை பிரிந்துவிடும். பிறகு கிளீனரைத் தெளித்து பத்து நிமிடம் விட வேண்டும். காய்ந்து ஒட்டிப்போக விடக் கூடாது. அப்புறம் தண்ணீர். இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். அழுக்குப் பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினால் தூசி துணிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். சுத்தமான பக்கத்திலிருந்து, மெதுவான தண்ணீரில், அழுக்கு வந்த வழியே வெளியே போகும்படி கழுவ வேண்டும். பிரஷர் குழாய் வைக்கவே கூடாது.

கழுவுகிற இடமும் முக்கியம். நான் முதல் தடவை கார்பேட்டை ஓரத்து வடிகாலில் கழுவப் போனேன், பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். அவர் தடுத்தது நல்லதாகப் போயிற்று. மழைநீர் வடிகால் எல்லாம் கடைசியில் நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது, நம் குடிநீரும் அதில் இருக்கிறது. எண்ணெய்த் தண்ணீரை அதில் விடக் கூடாது. குளியலறையில் கழுவினேன். அது கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்புக்குப் போகும். ஆனால் தரையில் படிந்த சிவப்பு எண்ணெயைத் தேய்த்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

கடைசியாகக் காய வைப்பது. ஹேர் டிரையர் கூடாது, கம்ப்ரஸர் காற்று கூடாது. தானாகக் காய வேண்டும். டிசம்பர் மழையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் ஈரத்துணியே இரண்டு நாள் காயாமல் கிடக்கும், மடிப்பு மடிப்பாக இருக்கிற பருத்தி எப்படிக் காயும்? ஈரத்தின் மேல் எண்ணெய் விட்டால் எண்ணெய் ஒட்டாது. எனக்கு ஒரு தடவை இரண்டு முழு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன்.

எண்ணெயை ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரு கோடாக விட வேண்டும். 20 நிமிடம் ஊற விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் மட்டும் இன்னொரு சொட்டு. போதும்.

இதை ஆசையோடு செய்கிறவர்களுக்குப் பருத்தி நல்ல சாமான். நான் இப்போது காகிதத்துக்கு வந்துவிட்டேன்.

கேமரன்_வரை

அக்கா எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. நான் காய வைக்கிற பிரச்சினையை எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், இரண்டு ஃபில்டர் வைத்திருக்கிறேன். ஒன்று வண்டியில், ஒன்று வீட்டில் எண்ணெய் போட்டுப் பையில். பயணம் முடிந்து வந்ததும் மாற்றிவிடுவேன். அழுக்கானது அதுபாட்டுக்கு ஒரு வாரம் காயும்.

குப்பைக் கணக்கையும் பாருங்கள். இங்கே நாம் எறிவதை எரித்து, சாம்பலை செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று சொல்கிறார்கள். பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒரு ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் எறிய எனக்கு மனம் வரவில்லை.

மழையில்_டெலிவரி

இரண்டு ஃபில்டர் வாங்கினால் 200 வெள்ளிக்கு மேல் போகிறதே அண்ணே. எங்கள் ஆட்கள் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

செம்பவாங்_அக்கா

காசுக் கணக்கை நான் போடுகிறேன். தம்பியின் ஓட்டம் ஒரு நாளைக்கு 70, மாதம் 22 நாள், வருடத்துக்கு ஏறக்குறைய 18,000 கி.மீ. வருகிறது. ஐந்து வருடத்தில் 90,000. துவாஸ் தூசிக்காகக் கொஞ்சம் முன்னதாகவே, 12,000க்கு ஒரு தடவை மாற்றினாலும் ஏழெட்டு ஃபில்டர். நான் உபி வட்டாரக் கடைகளில் கேட்டபோது இந்த அளவு வண்டிக்குக் கம்பெனி காகிதம் 20 வெள்ளிக்கு உள்ளேதான். மொத்தம் 150 வெள்ளி சொச்சம்.

பருத்தி புதிதாக வாங்கினால் 90, 100 வெள்ளி. கிட் 30. ஐந்து வருடத்துக்கு ஒரு கிட் பத்தாது. ஆகக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். மிச்சம் பிடிக்கலாம் என்று இதை வாங்கினால் ஏமாற்றம்தான். பெரிய வண்டிக்கு, காகிதமே 50, 60 வெள்ளி என்றால், அப்போது கணக்கு மாறும்.

பழைய_சூப்பர்ஃபோர்

குப்பையைப் பற்றிக் கேமரன்_வரை சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்யாமல் எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தால், பிஸ்டன், வளையம், சிலிண்டர் பிளாக் எல்லாம் குப்பைக்குப் போகும். இரண்டு ஃபில்டர் வைத்து ஒழுங்காகப் பார்ப்பவர் அவர். அவர் கையில் பருத்தி நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு தவறான வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் கோபமே உண்டு. பட்டறையில் சர்வீஸுக்கு விட்டால், எண்ணெய் ஊட்டிய காகித ஃபில்டரை எடுத்து கம்ப்ரஸர் காற்றில் ஊதி, "கிளீன் பண்ணியாச்சு" என்று திருப்பிப் போடுகிறார்கள். யமஹா கையேட்டில் இந்த வகைக் காகிதத்தைக் காற்றால் ஊதக் கூடாது என்று அச்சிட்டே இருக்கிறது. ஹோண்டாவிலும் அதே கதை, அந்த வகையைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். என் மனைவியின் பி.சி.எக்ஸ். ஸ்கூட்டர் கையேட்டில் 16,000 கி.மீ. என்று இருக்கிறது, மழையும் தூசியும் அதிகம் உள்ள இடத்தில் அதற்கு முன்பே. புதிதாக இருக்கும்போதே அந்தக் காகிதம் பழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்து ஊதுகிறார்கள். ஊதினால் எண்ணெய் போகும், நார் கிழியும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரியும்.

மழையில்_டெலிவரி

அண்ணே, இது எனக்கே நடந்தது. பெயர் வேண்டாம், ஒரு பட்டறையில் ஒன்றரை வருடம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஊதித்தான் போட்டார்கள். பில்லில் "ஏர் ஃபில்டர் சர்வீஸ்" என்று எட்டு வெள்ளி வேறு. ஒரு நாள் த்ராட்டில் பாடியை, அதாவது எஞ்சினுக்குக் காற்று விடுகிற வாயைக் கழற்றிய வேறொரு மெக்கானிக் அங்கிள் உள்ளே விரலை விட்டுக் காட்டினார். கறுப்புப் பசை, அதில் மணல். புது ஃபில்டரே 20 வெள்ளிதான், மூன்று தடவை ஊதிய காசுக்கு ஒன்று வாங்கிவிட்டு மீதியில் சாப்பிட்டிருக்கலாம்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பெல்ட் பெட்டியையும் பாருங்கள். என்மேக்ஸ், எக்ஸ்மேக்ஸ் இரண்டிலும் வி-பெல்ட் பெட்டிக்கென்று தனியாக ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதையும் சுத்தம் செய்ய வேண்டும். அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

மழையைப் பற்றியும் ஒன்று. 2021 ஆகஸ்ட் 20, பாசிர் ரிஸ், தெம்பனிஸ் பக்கம் வெள்ளம் வந்த காலை. நான் ஒரு ஆர்டரோடு தண்ணீருக்குள் போய்விட்டேன், வண்டி நின்றுவிட்டது. நல்ல வேளை, திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போனேன். ஏர் பாக்ஸை, அதாவது ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் காகிதம் நனைந்த அட்டை மாதிரி தொங்கியது. நனைந்த காகிதத்தைக் காய வைத்துப் போடாதீர்கள், உருவம் மாறிவிடும், அப்புறம் விளிம்பு உட்காராது. அன்றே புதுசு போட்டேன்.

ஆர்எக்ஸ்இசட்_மாமா

எங்கள் காலத்து வண்டிக்கு ஸ்பான்ஞ்தான். அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஸ்பான்ஞ் நல்ல வடிகட்டி. தூசியை ஆழம் முழுக்கப் பிடிக்கும், அதனால்தான் மண்ணில் ஓடுகிற ஸ்கிராம்ப்ளர் வண்டிகளில் இன்னும் அதையே போடுகிறார்கள். ஆனால் பெட்ரோலில் கழுவாதீர்கள். ஒட்டுப்பசை விட்டுப்போகும், வீட்டுக்குள் தீ ஆபத்தும் உண்டு. எஞ்சின் ஆயிலையும் ஊற்றாதீர்கள். அது ஒரு வாரத்தில் வழிந்து அடியில் தேங்கி, மேல் பாதியைக் காய விட்டுவிடும். ஸ்பான்ஞ் ஃபில்டருக்கென்றே ஒட்டும் எண்ணெய் இருக்கிறது.

நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஸ்பான்ஞ் ஆயுள் குறைவு. இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். பொடிப்பொடியாக ஒட்டினால் அதன் கதை முடிந்தது. அந்தப் பொடியையும் எஞ்சின் இழுக்கும். ஒரு நண்பரின் வண்டியில் ஸ்பான்ஞ்சில் பாதி காணவே இல்லை, மீதி கார்புரேட்டரில் கிடந்தது.

கேமரன்_வரை

பவரைப் பற்றி யாரும் பேசவில்லையே? பருத்தி போட்ட பிறகு என் வண்டி லேசாக மூச்சு விடுகிறது, அது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

பழைய_சூப்பர்ஃபோர்

அந்த உணர்வு பொய் என்று சொல்ல மாட்டேன். முன்பு இருந்த காகிதம் எவ்வளவு அடைத்திருந்தது என்பதைப் பொறுத்தது அது. அடைத்த காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுக் காகிதம் போட்டாலும் அதே மாதிரி லேசாகும். புதுக் காகிதத்துக்கும் புதுப் பருத்திக்கும் உள்ள வித்தியாசம் 150 சி.சி. வண்டியில் முதுகில் உணர்கிற அளவு வராது. காற்றுக்கு உண்மையான குறுகல் பெரும்பாலும் ஏர் பாக்ஸின் வாய்க்குழல்தான், ஃபில்டர் இல்லை. அந்தக் குழலைக் கழற்றினால் எஞ்சின் காற்றை இழுக்கிற சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக நமக்குத் தோன்றும்.

நான் அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றேன். என் வண்டி ஹோண்டா சூப்பர் ஃபோர் ஸ்பெக் 3, கார்புரேட்டர் வண்டி. பருத்தியும் போட்டு, வாய்க்குழலையும் கழற்றினேன். பி.கே.இ. விரைவுச்சாலையில் மூன்றாவது கியரில் த்ராட்டிலைத் திறந்தால் ஒரு கணம் வெற்றிடத்தில் விழுகிற மாதிரி தயங்கும். த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு எடையில் கலந்தால்தான் முழுதாக எரியும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, பெட்ரோல் வருகிற ஜெட் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். ஜெட் மாற்றி, மறுபடி மாற்றி, இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் குழலைத் திரும்ப மாட்டி, கம்பெனி ஃபில்டரைப் போட்டதும் வண்டி பழையபடி ஓடியது.

தம்பியின் ஸ்னைப்பரில் பெட்ரோலை அளந்து விடுவது கணினி, அதாவது இன்ஜெக்‌ஷன். பெட்டிக்குள் ஃபில்டர் மட்டும் மாறினால் அது சமாளித்துக்கொள்ளும். பருத்தி எண்ணெய் சென்சாரைக் கெடுக்கும் என்று கார்க்காரர்கள் பயமுறுத்துவார்கள். கார்களில் காற்றின் அளவை அளக்க ஒரு மெல்லிய சூடான கம்பி இருக்கும், எண்ணெய் அதில் படிந்தால் அளவு தப்பும். நம் மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் அழுத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, அந்தக் கம்பி கிடையாது. ஆனால் எண்ணெயை அள்ளி ஊற்றினால் த்ராட்டில் வாயில் படியும், தூசி அதில் ஒட்டும், ஐட்லிங் தடுமாறும்.

அப்புறம், அதிகம் கழுவுவதும் நல்லதில்லை. ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஒரு முறை இருக்கிறது. தெரிந்த அளவு தூசியை ஊட்டி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தப்பியது என்று எடை போடுவார்கள். புத்தம் புது ஃபில்டரை விட, கொஞ்சம் தூசி ஏறிய ஃபில்டர் நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே அடுத்த தூசிக்குச் சல்லடை. மாதாமாதம் கழுவுகிறவர் ஒவ்வொரு மாதமும் மோசமான கட்டத்திலிருந்து தொடங்குகிறார், கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அழுக்கு உள்ளே விழவும் வழி செய்கிறார்.

ஈசூன்_ஸ்னைப்பர்

அண்ணே, பார்த்துவிட்டேன். அடுக்குமாடி புளோக்குக் கீழே லைட் கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்து திறந்தேன்.

சுத்தமான அறையில் விரல் வைத்ததும் நெருடியது. வலது கீழ் மூலையில் தூசி ஒரு கோடாகப் படிந்திருக்கிறது, விசிறி மாதிரி விரிந்து த்ராட்டில் பக்கம் போகிறது. ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தால் அதே மூலையில்தான் எண்ணெய் வெளுத்திருக்கிறது. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த இடத்தில் ரப்பர் விளிம்பு மடங்கி, நகக்கண் அளவு ஒரு வளைவாக நிற்கிறது. அழுத்திவிட்டால் திரும்பவும் எழுந்துகொள்கிறது. காற்று துணி வழியாகவே போகவில்லை, பக்கவாட்டில் போயிருக்கிறது. மூடியின் ஒரு ஸ்க்ரூவும் இல்லை.

பழைய_சூப்பர்ஃபோர்

நல்ல வேலை செய்தாய் தம்பி. காகிதமா பருத்தியா என்று நாம் இவ்வளவு நேரம் பேசினோம், உன் வண்டியில் தூசி போனது ரப்பர் ஓரமாக. விலை உயர்ந்த துணியைப் போட்டாலும் விளிம்பு உட்காரவில்லை என்றால் பயன் இல்லை. மலிவான ஃபில்டர்களில், காகிதமோ பருத்தியோ, நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான்.

அந்த ரப்பரை நிமிர்த்த முடியாது, அந்த ஃபில்டரை விட்டுவிடு. கம்பெனி காகிதம் வாங்கு. பெட்டியை ஈரத்துணியால் துடை, ஊதாதே. த்ராட்டில் பக்கம் துடைக்கும்போது குழலின் வாயில் சுத்தமான துணியை அடைத்துக்கொள், முடித்ததும் எடுக்க மறக்காதே. பெட்டிக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் முனையில் அடைப்போடு தொங்கும், அதில் தேங்கியதை இறக்கிவிடு. விடுபட்ட ஸ்க்ரூவை வாங்கிப் போடு.

பிறகு ஒரு சோதனை. சுத்தமான பக்கத்தில், ஃபில்டர் உட்காரும் இடத்தைத் தாண்டி, உள் சுவரில் விரலால் மெல்லிசாக கிரீஸ் தடவு, ஒரு வளையம் மாதிரி. ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திறந்து, அந்த கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது. கரகரத்தால் இன்னும் எங்கோ கசிகிறது.

கேமரன்_வரை

தம்பி, நான் முதலில் கழுவிப் போடச் சொன்னேன். விளிம்பைப் பார்க்கச் சொல்லாதது என் தப்பு, மன்னித்துக்கொள். நேற்று என் இரண்டு ஃபில்டரின் ரப்பரையும் எடுத்துப் பார்த்தேன். பழையதில் ஒரு பக்கம் கல்லாக இறுகிவிட்டது, நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை. துணி இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டேன். லைஃப்டைம் என்பது துணிக்கு இருக்கலாம், ரப்பருக்கு இல்லை.

அந்தச் சிவப்பு ஃபில்டரை யாருக்கும் விற்றுவிடாதே. கத்தரியால் வெட்டிப் போடு.

ஈசூன்_ஸ்னைப்பர்

வெட்டிப் போட்டுவிட்டேன் அண்ணே. உபியில் கம்பெனி ஃபில்டர் 18 வெள்ளி, ஸ்க்ரூவைக் கடைக்கார அங்கிள் சும்மாவே கொடுத்தார். பெட்டி அடியிலிருந்த குழாயைத் திறந்தபோது ஒரு தேக்கரண்டி அளவு காப்பி நிறத் தண்ணீர் வந்தது.

கிரீஸ் வளையம் போட்டு 420 கி.மீ. ஓட்டினேன், அதில் இரண்டு நாள் நல்ல மழை. இன்று காலை திறந்தேன். வழுக்குகிறது, கரகரப்பு இல்லை. அம்மாவையும் கூப்பிட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன், அவருக்கும் எதுவும் தட்டுப்படவில்லை.

செம்பவாங்_அக்கா

ஃபில்டர் சட்டத்தின் ஓரத்தில் மார்க்கரால் கி.மீ.யை எழுதி வை தம்பி. அடுத்து பட்டறையில் யாராவது "மாற்றியாச்சு" என்று சொன்னால், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஈசூன்_ஸ்னைப்பர்

எழுதிவிட்டேன் அக்கா. 41,260. பக்கத்தில் "ஊத வேண்டாம்" என்றும் எழுதியிருக்கிறேன்.